நாலு நிமிடச் சந்து

தமிழரசி என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா? அவள் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேரில். வாயைத் திறந்தால் பாதி தமிழ், பாதி இந்தி.

"அம்மா, ஜல்தி சோறு போடு. ஸ்கூலுக்கு லேட்டாகுது!" என்பாள்.

"சோறு போடுறேன். முதல்ல அந்த ஜல்தியைத் தூக்கித் தூரப் போடு" என்பார் அவள் அம்மா ஜெயலட்சுமி.

அப்பா சுதாகர் சிரித்துக்கொள்வார். அவர் கொத்தனார். எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் வேலை பார்ப்பவர்களில் ஒருவர் வங்காளி, ஒருவர் தெலுங்கர், இரண்டு பேர் ராஞ்சியிலிருந்து வந்தவர்கள். இந்தி இல்லாமல் அவரால் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

மரைன் ஹில் குன்றுக்குக் கீழே இருந்தது அவர்களுடைய சந்து. அதன் ஒரு முனை கடலோரச் சாலையைத் தொடும். மறுமுனை குன்றில் போய் முட்டி நின்றுவிடும். முட்டுகிற இடத்தில் ஒரு பெரிய மரவீடு. அந்த வீட்டு கேட்டுக்குள் நுழைந்து, முற்றத்து ஓரமாக இருக்கும் நாற்பத்திரண்டு படிகளில் ஏறினால் குன்றின் மேல் சாலைக்குப் போய்விடலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குப் பூமி ஆடியது. பிறகு கடல் சந்துக்குள் வந்தது. மரவீட்டில் அப்போது இருந்தவர் விஜயன் ஐயா. மர அறுவை மில்லில் கிளார்க்காக இருந்தவர். அவர் கேட்டை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறுங்க! சடோ, சடோ!" என்று தமிழிலும் இந்தியிலும் கத்தினார். சந்தில் இருந்த அத்தனை பேரும் அந்தப் படிகளில் ஏறிப் பிழைத்தார்கள். அன்றைக்கு ஒரு வயதுக் குழந்தையாக இருந்த தமிழரசி, அப்பாவின் தோளில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே ஏறினாளாம். அவளுக்கு எதுவும் நினைவில்லை.

அதன் பிறகு விஜயன் ஐயா அந்த கேட்டைப் பூட்டியதே இல்லை.

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 26 அன்று, அதே ஆறரை மணிக்கு, சந்தே சேர்ந்து படி ஏறிப் பழகும். சந்தின் கடைசியில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவர் அப்பாராவ் விசில் ஊதுவார். அவரவர் வீட்டில் தயாராக வைத்திருக்கும் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பையில் ரேஷன் கார்டு, டார்ச், தண்ணீர், பிஸ்கட் எல்லாம் இருக்கும். மேலே போனதும் டீக்கடை மண்டல் தாதா எல்லோருக்கும் டீ கொடுப்பார். வங்காள மொழியில் தாதா என்றால் அண்ணன்.

விசில் ஊதியதிலிருந்து கடைசி ஆள் மேலே போய்ச் சேரும்வரை எத்தனை நிமிடம் என்று ஒரு பச்சை நோட்டில் எழுதுவார்கள். அந்த நோட்டு, சந்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம்தான் இருக்கும். அதுதான் வழக்கம். முதல் வருடம் பதினோரு நிமிடம் ஆனது. போன வருடம் நாலே நிமிடம்! சந்துக்கே பெருமை தாங்கவில்லை.

2013இல் நோட்டு தமிழரசியின் கைக்கு வந்தது. கூடவே வம்பும் வந்தது.

விஜயன் ஐயா வீட்டை விற்றுவிட்டு, கோயம்புத்தூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். வீட்டை வாங்கியவர் பெயர் கோவிந்தராஜ். திருச்சியில் ஏதோ ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டை டூரிஸ்டுகள் தங்கும் கெஸ்ட் ஹவுசாக மாற்றப் போகிறாராம். அவர் காரில் மேல் சாலை வழியாக வந்தார், மேல் சாலை வழியாகவே போனார். சந்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வந்த இரண்டாவது வாரமே சந்துப் பக்கம் இருந்த கீழ் கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். சின்னப் பூட்டு இல்லை, தேங்காய் அளவுக்குப் பூட்டு.

சந்துக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கக் கிளம்பினார்கள். அப்பாராவ் தெலுங்கு கலந்த இந்தியில் பேசினார். மண்டல் தாதா வங்காளம் கலந்த இந்தியில் பேசினார். காய்கறி விற்கும் ஒச்சம்மா எந்தக் கலப்பும் இல்லாத உசிலம்பட்டித் தமிழில் சத்தம் போட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் கோவிந்தராஜுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்தார். வரைபடத்தை விரித்தார்.

"இதுல வழின்னு எங்கயாவது போட்டிருக்கா? காட்டுங்க. இது என் வீட்டு முற்றம். நான் பல் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறேன், ஒருத்தர் மீன் கூடையோட எனக்கு குட் மார்னிங் சொல்லிட்டுப் போறார். நாளைக்கு என் கெஸ்ட் ஹவுஸ்ல யார் தங்குவாங்க?"

மீன் கூடை என்றதும் அப்பாராவ் தலையைக் குனிந்துகொண்டார்.

"வரைபடத்துல இல்லைன்னா என்னாங்க? எங்க கால்ல இருக்குல்ல!" என்றார் ஒச்சம்மா.

கோவிந்தராஜ் ஃபைலை மூடிவிட்டார். பேச்சும் அதோடு முடிந்தது.

அது போதாதென்று, அடுத்த வாரம் சுதாகர் வீட்டுக்குள் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார் ஜெயலட்சுமி.

"கோவிந்தராஜ் சார் கூப்பிட்டு விட்டாரு. கேட்டை எடுத்துட்டு ஏழடிச் சுவர் கட்டணுமாம். டிசம்பர் இருபத்தேழாம் தேதி வேலை ஆரம்பம். சரின்னுட்டேன்."

தமிழரசி எழுந்தே நின்றுவிட்டாள். "அப்பா! க்யூன்? ஏன்ப்பா ஒத்துக்கிட்டீங்க?"

"நான் கட்டலேன்னா வேற மேஸ்திரி கட்டுவான். சுவர் என்னமோ நிக்கத்தான் போவுது. நாலு பேருக்கு வேலை இல்லாம ஒரு மாசமா கிடக்குது பாப்பா."

அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் மறுநாளே சந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒச்சம்மா சுதாகரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண்டல் தாதா டீயைக் கொடுத்தார், பேச்சைக் கொடுக்கவில்லை. தமிழரசிக்கு அழுகை அழுகையாக வந்தது.

டிசம்பர் 25ஆம் தேதி மத்தியானம். நோட்டு வைத்திருக்கும் பிள்ளை அன்றைக்கு வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டின் பெயரையும், எத்தனை பேர் என்பதையும் நோட்டில் எழுத வேண்டும். தமிழரசி கிளம்பினாள்.

"நாளைக்குக் காலையில ஆறரை. பையை மறக்காதீங்க!"

"எங்கேம்மா ஏறுறது? சுவத்துலயா?" என்றார்கள் சிலர்.

பதினேழாவது வீடு ராசம்மா அக்காவுடையது. அவரும் ஐயாவு என்ற அவருடைய அண்ணனும் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். சுனாமியில் வீடு போனதும் இங்கே வந்தார்கள். ராசம்மா அக்காவுக்குச் சிறு வயதிலேயே இரண்டு கால்களும் நடக்க முடியாமல் போய்விட்டன. ஆனால் சந்தில் யாருடைய துணி கிழிந்தாலும் தைத்துக் கொடுப்பது அவர்தான். வருடா வருடம் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அண்ணனும் சுதாகரும் தூக்கிக்கொண்டு படி ஏறுவார்கள்.

"இந்த வருசம் என்னைத் தூக்க ஒங்கப்பா வருவாரா?" என்று கேட்டார் ராசம்மா அக்கா.

"வருவார் அக்கா. எப்பவும் போல."

"நல்லது. என்னைக் கீழ போட்டா அவரு சட்டைக்குப் பித்தான் தச்சித் தரமாட்டேன்னு சொல்லு."

பல நாள் கழித்துத் தமிழரசி சிரித்தாள்.

இருபத்தைந்து வீடுகள் முடிந்தன. தமிழரசி நோட்டில் இருபத்தாறு என்று எண் போட்டு, 'கோவிந்தராஜ் சார் வீடு' என்று எழுதினாள். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த ஒச்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடியே, அந்த ஆளை எதுக்குடி எழுதுற? சுத்தியல் வச்சு அந்தப் பூட்டை ஒடைக்கணும்னு நானே பாத்துக்கிட்டு இருக்கேன்!"

"எல்லா வீட்டையும் அழைக்கணும் அத்தை. அதுதானே வழக்கம்?"

"அழைச்சா வந்துருவாராக்கும்!"

தமிழரசி நோட்டை மூடினாள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

கேட் பூட்டியிருந்ததால் அவள் சாலை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. சந்தின் கீழ் முனைக்கு வந்து, கடலோரச் சாலையில் திரும்பினாள். வலது பக்கம் கடல், இடது பக்கம் குன்று. கடல் சுவரை ஒட்டியே நெடுந்தூரம் நடந்து, ஜெட்டிக்குப் பக்கத்தில் திரும்பிய பிறகுதான் மேட்டுச் சாலை வந்தது. மூச்சு வாங்க ஏறினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினேழு நிமிடம்!

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிஜமாகவே பூமி ஆடினால் மேலே போக வேண்டியவர்கள் எல்லோரும் முதலில் கடலை நோக்கி ஓட வேண்டும்.

மேல் சாலைப் பக்கம் இருந்த இன்னொரு கேட்டில் மணியை அடித்தாள். கோவிந்தராஜே வந்தார்.

"யாரும்மா நீ?"

"கீழே சந்து சார். மேஸ்திரி சுதாகரோட பொண்ணு. தமிழரசி."

"வழி விடுங்கன்னு கேட்க அனுப்பினாங்களா? அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே."

கேட்கத்தான் அவளுக்கும் ஆசை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பெரியவர்கள் மூன்று பேர் கேட்டு முடியாதது அவள் கேட்டு முடியுமா?

"இல்லை சார். உங்களை அழைக்க வந்தேன்" என்றாள். "நாளைக்குக் காலையில ஆறரை மணிக்கு நாங்க எல்லாரும் சுனாமி நடை போவோம். நீங்களும் ஆன்ட்டியும் வரணும். முடிஞ்சதும் மண்டல் தாதா டீ தருவார்."

"தாதாவா?" கோவிந்தராஜ் இரண்டு அடி பின்னால் போனார்.

"டீக்கடைக்காரர் சார். ரொம்ப நல்லவர்."

உள்ளேயிருந்து அவர் மனைவி மரகதம் வந்தார். தமிழரசியை உட்காரச் சொல்லி முறுக்கு கொடுத்தார். "இங்க வந்து மூணு மாசமாச்சு. வாங்கன்னு ஒருத்தர்கூடக் கூப்பிட்டதில்லை. நீதான் முதல்ல கூப்பிட்டிருக்கே" என்றார்.

கோவிந்தராஜின் கண் பச்சை நோட்டின் மேலேயே இருந்தது. ஆபீசில் முப்பது வருடம் ரிஜிஸ்டர் பார்த்தவர் அல்லவா? கை சும்மா இருக்குமா? வாங்கிப் புரட்டினார்.

ஒன்பது வருடம், ஒன்பது பிள்ளைகளின் கையெழுத்து. சில பக்கம் தமிழ், சில பக்கம் இந்தி, ஒரு பக்கம் வங்காளம். 2005இல் பதினாலு வீடுகள்தான். எல்லாம் மரமும் தகரமும். அடுத்த வருடம், 'புதுசா வந்தவங்க: கச்சால் ஐயாவு, ராசம்மா' என்று இருந்தது. 2007இல், 'ஆடு ஏற மாட்டேன் என்றது. அதனால் எட்டு நிமிடம்.' 2009இல், 'பிஸ்வாஸ் வீட்டை இடித்துவிட்டார்கள். மாடி வீடு வருகிறது.' 2011இல், 'எட்டாம் நம்பர் வீடு இப்போது மொபைல் கடை. அப்பாராவ் அங்கிள் வலை காயப்போடும் இடத்தில் டூரிஸ்ட் வண்டி நிற்கிறது.' கடைசியாக இந்த வருடத்துப் பக்கம். '26. கோவிந்தராஜ் சார் வீடு. 2 பேர்.'

"நான் வருவேன்னு உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டார்.

"வர்றவங்களுக்கு டிக் போடுவோம் சார். வராதவங்களுக்குப் போட மாட்டோம். ஆனா பேர் எல்லாருக்கும் உண்டு."

அவர் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க வரணும்?"

"சந்துக்குக் கீழே, அப்பாராவ் அங்கிள் வீட்டு வாசலுக்கு."

மறுநாள் காலை ஆறு இருபதுக்குக் கோவிந்தராஜ் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கீழ் கேட்டைத் திறந்தார். வெளியே வந்ததும் சாவியை மனைவியிடம் கொடுத்தார். "மரகதம், உள்ள பூட்டிக்கோ. கண்டவங்க ஏறி வந்துடப் போறாங்க" என்றார். தலைவலி என்று மரகதம் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அவர் சந்தில் நடந்து வந்ததைப் பார்த்து எல்லோரும் வழி விட்டு ஒதுங்கினார்கள். ஒச்சம்மா கையில் வைத்திருந்த சுத்தியலை மெதுவாக முந்தானைக்குள் மறைத்தார். அதை ஜெயலட்சுமி பார்த்துவிட்டார்.

"எதுக்கு இது?" என்று முறைத்தார்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார் ஒச்சம்மா.

அப்பாராவ் தன் வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்துப் போட்டார். "பைட்டியே சார்" என்றார். மீன் கூடை விஷயத்தை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. கோவிந்தராஜ் ஸ்டூல் நுனியில் உட்கார்ந்தார்.

சரியாக ஆறரை. அப்பாராவ் விசிலை ஊதினார். தமிழரசி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

சந்து கிளம்பியது. பைகள், குழந்தைகள், இரண்டு கோழிகள். நடுவில் நாற்காலியில் ராசம்மா அக்கா. "டேய் அண்ணே, இடது பக்கம் சாயுது!" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டு வந்தார். எல்லோரும் கடலோரச் சாலையில் திரும்பினார்கள். கோவிந்தராஜும் கூடவே நடந்தார். ஐம்பது அடி போனதும் அவருக்குக் குழப்பமாகிவிட்டது.

"ஏம்மா தமிழரசி, குன்று அந்தப் பக்கம் இல்ல இருக்கு? நாம ஏன் கடலை ஒட்டிப் போறோம்?"

"மேலே போற ரோடு இதுதான் சார்."

"இதுவா?"

"ஆமா சார். ஜெட்டிவரை போய், அங்கேதான் மேலே திரும்பணும்."

அது கடல் ஏறும் நேரம். ஒரு அலை சுவரில் மோதியது. தண்ணீர் எகிறி எல்லோர் மேலும் விழுந்தது. கோவிந்தராஜின் வெள்ளை ஷூ தொப்பலாக நனைந்தது. கைக்குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. நாற்காலியைத் தூக்கி வந்த ஐயாவு ஈரத்தில் வழுக்கித் தடுமாறினார். சுதாகர் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிப் பிடித்தார். இவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசிய ராசம்மா அக்கா, நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கச்சால் கடலைப் பார்த்தவர்.

கோவிந்தராஜ் நின்றுவிட்டார்.

"அன்னைக்கும் இந்த வழியாத்தான் ஓடினீங்களா?"

ஒச்சம்மா வாயைத் திறந்தார். ஜெயலட்சுமி அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

"இல்ல சார்" என்றார் சுதாகர். "அன்னைக்கு கேட்டு தொறந்திருந்துச்சு. என் பொண்ணைத் தோள்ல தூக்கிட்டு உங்க படியிலதான் ஏறினேன்."

கோவிந்தராஜ் தமிழரசியைப் பார்த்தார், அவள் அப்பாவைப் பார்த்தார். இந்த மேஸ்திரியைத்தான் அவர் நாளைக்குச் சுவர் கட்டச் சொல்லியிருந்தார்.

"திரும்புங்க" என்றார். "எல்லாரும் திரும்புங்க. நம்ம கேட்டுக்குப் போவோம்."

சந்தே திரும்பி ஓடியது. கோவிந்தராஜ் ஈர ஷூ சளக் சளக் என்று சத்தம் போட முன்னால் ஓடினார். கேட்டைப் பிடித்து உலுக்கினார்.

"மரகதம்! சாவி!"

பதில் இல்லை. உள்ளேயிருந்து கர்ரென்று மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. தலைவலி போய்ச் சட்னி அரைக்க ஆரம்பித்திருந்தார் மரகதம்.

"மரகதம்! மரகதம்!"

இப்போது சந்தே சேர்ந்து கத்தியது. "ஆன்ட்டி!" "மாஜி!" "அம்மாவ்!" கோழிகளும் தங்களால் ஆனதைச் செய்தன. தமிழரசி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம். பதினொன்று.

மிக்ஸி நின்றது. மரகதம் எட்டிப் பார்த்து, "ஐயோ, என்னங்க இவ்வளவு கூட்டம்!" என்றார்.

"சாவியைக் கொண்டா!"

"சாவி... எங்க வச்சேன்? இருங்க, சாமி ரூம்ல பார்க்கிறேன்."

பன்னிரண்டு. சாமி ரூமில் இல்லை. பதின்மூன்று. ஃப்ரிட்ஜ் மேலும் இல்லை. கோவிந்தராஜின் நெற்றியெல்லாம் வியர்வை. தன் வீட்டு கேட்டுக்கு வெளியே, தான் போட்ட பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் அறுபது எழுபது பேர். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒச்சம்மா முந்தானையிலிருந்து சுத்தியலை வெளியே எடுத்தார். "சார், தேவைன்னா சொல்லுங்க" என்றார் பணிவாக.

நல்லவேளை, சாவி சட்னிக்குப் பக்கத்தில் தேங்காய் மூடிக்கு அடியில் கிடைத்தது. கேட் திறந்தது. எல்லோரும் ஏறினார்கள். நாற்காலியைத் தூக்க மூன்றாவது ஆளாகக் கோவிந்தராஜும் கை கொடுத்தார். கடைசியாக ராசம்மா அக்காவின் நாற்காலி மேல் சாலையில் இறங்கியது. தமிழரசி நேரத்தைப் பார்த்து நோட்டைத் திறந்தாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"எவ்வளவு?" என்று கேட்டார் கோவிந்தராஜ்.

"பத்தொன்பது நிமிஷம் சார்."

அவர் நோட்டை வாங்கிப் போன வருடத்துப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே நாலு என்று பெரிதாக எழுதி, சுற்றிலும் பூ வரைந்திருந்தது.

"பத்தொன்பதுல தப்பிச்சிட முடியுமா?" என்று அப்பாராவைக் கேட்டார்.

"சமுந்தர் டைம் சொல்லிட்டு வராது சார்" என்றார் அப்பாராவ், கீழே தெரிந்த கடலைக் காட்டி.

கோவிந்தராஜ் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "எழுதும்மா. என்ன ஆச்சோ அதை அப்படியே எழுது."

தமிழரசி எழுதினாள். '2013. பத்தொன்பது நிமிடம். கேட் பூட்டியிருந்தது.' பிறகு இருபத்தாறாவது வீட்டுக்கு நேராக ஒரு டிக் போட்டாள்.

மண்டல் தாதா முதல் டீயைக் கோவிந்தராஜுக்கும் இரண்டாவது டீயைச் சுதாகருக்கும் கொடுத்தார். சுதாகரிடம், "க்யா மேஸ்திரி, சக்கரை போதுமா?" என்று கேட்டார். தமிழரசிக்கு அந்தக் கேள்வியே சர்க்கரையாக இருந்தது.

மரகதமும் மேலே வந்து டீ வாங்கிக்கொண்டார். "எனக்கு டிக் இல்லையா?" என்று நோட்டை எட்டிப் பார்த்தார்.

"மிக்ஸி போட்டவங்களுக்கு டிக் கிடையாது ஆன்ட்டி. அடுத்த வருஷம் வாங்க" என்றாள் தமிழரசி.

இருபத்தேழாம் தேதி சொன்னபடியே வேலை ஆரம்பித்தது. சுதாகரின் ஆட்கள் பழைய கேட்டைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். செங்கல் வந்தது, சிமெண்ட் வந்தது. சந்துக்காரர்கள் தள்ளி நின்று கவலையோடு பார்த்தார்கள்.

கோவிந்தராஜ் வந்தார். "மேஸ்திரி, சுவரை அந்த ஓரத்துலேர்ந்து கட்டுங்க. படிக்கு நேரா இடம் விட்டுடுங்க. என் வீட்டுப் பக்கம் ஒரு தட்டி வச்சுக்கிறேன். நான் பல் தேய்க்கிறது யாருக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

"எவ்வளவு இடம் சார் விடணும்? மூணடி போதுமா?"

கோவிந்தராஜ் தமிழரசியைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு."

தமிழரசி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஓடிப்போய் ராசம்மா அக்காவிடம் சொல்ல, அண்ணன் ஐயாவும் இன்னொருவரும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பக்கமும் தூக்குபவர்களின் முழங்கை இடிக்காமல் போகிற அளவுக்குத் தமிழரசி தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டாள். டேப் வைத்துப் பார்த்தால் ஐந்தடி வந்தது.

"இன்னும் அரையடி சேர்த்துக்கங்க" என்றார் ராசம்மா அக்கா நாற்காலியில் இருந்தபடியே. "வருசா வருசம் நான் குண்டாகிக்கிட்டு வர்றேன்."

"ஆறடியாவே விட்டுடுங்க மேஸ்திரி" என்றார் கோவிந்தராஜ்.

சுதாகர் சந்தோஷமாக நூல் பிடித்தார். பத்தே நாளில் சுவர் எழும்பிவிட்டது. நடுவில் ஆறடிக்கு வாசல். பூச்சு வேலையும் முடிந்த அன்று சுதாகர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"சார், வாசலுக்குக் கதவு செய்யணும். மரமா, இரும்பா? எத்தனை கீல் வாங்கட்டும்?"

"கதவா?" என்றார் கோவிந்தராஜ். "கதவு வச்சா பூட்டத் தோணும். பூட்டினா சாவியைத் தேடணும். கதவே வேண்டாம் மேஸ்திரி."

"அப்பாடா!" என்று சமையலறையிலிருந்து மரகதத்தின் குரல் கேட்டது.